முதல் ஸ்பீக்கர் ஜோடி: எஸ்.பி. ரோடு முதல் வாடகை வீட்டு ஹால் வரை

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, ஒரு வருடம் பி.ஜி.யில் தங்கிவிட்டு, பிறகு தனி வீடு எடுக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, நல்லா பாட்டு கேட்கணும். பத்தாயிரம் ரூபாய் இருக்கு. என்ன வாங்கலாம்?"

பத்தாயிரத்தையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள் என்பதுதான் எப்போதும் என் பதில். புளூடூத் ஸ்பீக்கரோ சவுண்ட்பாரோ வாங்கினால், அதில் ஒன்று கெட்டாலும் மொத்தமும் போகும். ஒன்றை மட்டும் மேம்படுத்தவும் வழி இல்லை. சாதாரண பாஸிவ் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் தனியாக ஒரு சின்ன ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) இருந்தால், இன்று பெட்டி, அடுத்த வருடம் கிராஸ்ஓவர் (பேஸையும் மேல் ஒலியையும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்), அதற்கடுத்து ஆம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். முதலில் போட்ட காசு எதுவும் வீணாகாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வழிதான்.

பாஸிவ் என்றால் உள்ளே ஆம்ப் இல்லாதது. பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள் மட்டும் இருக்கும். புக்‌ஷெல்ஃப் என்றால் பேஸ் வாசிக்கும் 4 முதல் 6.5 இன்ச் வரை வூஃபரும், மேலே உச்ச ஒலிகளை வாசிக்கும் ஒரு சின்ன ட்வீட்டரும் உள்ள சின்னப் பெட்டி. அவ்வளவுதான். கடையில் "ஐயாயிரம் வாட் பி.எம்.பி.ஓ." என்று ஒட்டியிருந்தால் அந்த எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம், அதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தாங்கும் சக்தி) எவ்வளவு, எத்தனை ஓம் (மின்தடை), சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு வரும் சத்தம்) எத்தனை டெசிபல் என்று மூன்றை மட்டும் கேளுங்கள்.

காசு செலவழிக்கும் முன்

புதிதாக வருபவர்கள் கடைசியில் செய்யும் வேலையை முதலில் செய்யச் சொல்கிறேன்: ஸ்பீக்கர் எங்கே உட்காரப் போகிறது என்று தீர்மானியுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால், டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இப்படிப்பட்ட அறையில் கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் "ட்ரிங்" என்று ஒரு வால் வந்தால், எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் பாடகியின் குரல் கூசும். தடிமனான ஜமக்காளம் ஒன்று, ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று, புத்தகங்கள் நிறைந்த அலமாரி ஒன்று. இவை மூன்றும் செய்யும் மாற்றத்தை ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகப் போட்டு வாங்கும் ஸ்பீக்கர் செய்யாது. இதை நான் பலர் வீட்டில் பார்த்துவிட்டேன்.

வைக்கும் முறை: இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் காதுக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் இருக்கட்டும். ட்வீட்டர் நீங்கள் உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் வரட்டும். பின்சுவரிலிருந்து ஒரு சாண், முடிந்தால் இரண்டு சாண் தள்ளி வையுங்கள். சுவரோடு ஒட்டினால் பேஸ் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும், ஆனால் மத்தளமும் பேஸ் கிட்டாரும் ஒரே கும்மாக வரும். பெயர் புக்‌ஷெல்ஃப் என்றாலும் அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளி வைப்பதுதான் இதற்கு மோசமான இடம். வேறு வழி இல்லையென்றால், பெட்டியின் முன்பக்கம் அலமாரியின் விளிம்போடு சமமாக வரும்படி இழுத்து வைத்து, அடியில் நான்கு ரப்பர் துண்டு கொடுங்கள். பின்னால் போர்ட் துளை (காற்று போய்வர விட்ட குழாயின் வாய்) இருந்தால் அதில் பஞ்சு அடைத்துப் பாருங்கள்.

அறையில் இரும்பு பீரோ இருந்தால் ஒரு வார்த்தை. அதன் கதவும் மேலே அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்களும் பேஸ் வரும்போது கிணுகிணுக்கும். ஸ்பீக்கரில்தான் குறை என்று கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. பாட்டு ஓடும்போது பீரோவின் மேல் கையை வைத்துப் பாருங்கள், அதிர்வு நின்றால் விஷயம் தெரிந்துவிடும்.

பழையதை வாங்குவது

இந்த நகரத்தின் ஒரு பெரிய வசதி, மாதாமாதம் யாராவது வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார்கள். அப்பார்ட்மென்ட் குழுக்களில் "மூவிங் அவுட் சேல்" என்று கட்டிலோடும் ஃப்ரிட்ஜோடும் நல்ல ஸ்பீக்கரும் வரும். என் கணக்கு இது: பத்தாயிரத்தில் ஐந்து அல்லது ஆறாயிரம் பழைய ஸ்பீக்கர் ஜோடிக்கு, இரண்டு அல்லது மூன்றாயிரம் ஆம்புக்கு, மீதி ஒயருக்கும் ஜமக்காளத்துக்கும்.

நேரில் போகும்போது ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் முனைகளில் ஓம் அளவு வைத்தால், 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 முதல் 7 வரை காட்டும்; 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரைக்கு அருகில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். அடுத்து, நான்கு விரல்களைப் பரப்பி வூஃபர் கோனை (கூம்பை) மெதுவாக, நேராக உள்ளே அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். மணலில் உரசுவது போல் சத்தம் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் பத்துப் பதினைந்து வருடத்தில் உதிரத் தொடங்கும். ரப்பர் நீண்ட நாள் உழைக்கும். ட்வீட்டரை மட்டும் தொடவே கூடாது. அந்த மெல்லிய குமிழ் ஒருமுறை உள்ளே போனால் பழையபடி வராது.

கேட்டுப் பார்க்க உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டு போதும். ஒன்று தம்புராவும் குரலும் மட்டும் உள்ளது. ஒன்றில் மிருதங்கத்தின் தொப்பி நன்றாகக் கேட்க வேண்டும். இன்னொன்று நிறைய வயலின்கள் சேர்ந்து வாசிப்பது. வயலின் கூட்டம் சத்தம் கூடக்கூட கரகரப்பாக மாறினால் ட்வீட்டரிலோ கிராஸ்ஓவரிலோ குறை இருக்கிறது.

ஆம்ப்

வாட் பற்றிய பயம் முதலில் போகட்டும். 85 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி 85 டெசிபல் கொடுக்கும். வாடகை வீட்டில் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டாமல் கேட்பதற்கு அதுவே தாராளம். சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரட்டிப்பாக வேண்டும்; அதனால் 20 வாட் ஆம்புக்கும் 40 வாட் ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குச் சிறியது.

கிளாஸ் டி என்ற வகை ஆம்ப் வந்த பிறகு இந்தப் பக்கம் செலவு மிகவும் குறைந்துவிட்டது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிக்கும் டிபிஏ3116 என்ற சில்லு (சிப்) வைத்த போர்டுகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 வாட் வரும். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் அதே வகைச் சில்லு பெட்டிக்குள் பூட்டி வரும் சின்ன ஆம்பையே வாங்குங்கள்.

இந்த ஆம்ப்களில் ஒரு எச்சரிக்கை. இடது ஸ்பீக்கரின் கறுப்பு முனையையும் வலது ஸ்பீக்கரின் கறுப்பு முனையையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. பழைய ஆம்ப்களில் இரண்டும் உள்ளே கிரவுண்டில் சேர்ந்திருக்கும். பழைய ஆட்கள் மூன்று ஒயரில் வேலையை முடித்துவிடுவார்கள். இந்தச் சில்லில் கறுப்பு முனையிலும் மின்னழுத்தம் ஓடுகிறது. சேர்த்தால் சில்லு கெட்டுப்போகலாம்.

போர்டு, ஒயர், முனை, கபாசிட்டர் எல்லாவற்றுக்கும் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடுதான். சதர் பத்ரப்பா ரோடு என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார். பசுமை வழித்தட மெட்ரோவில் சிக்பேட்டையிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை காலை நல்ல நேரம். வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் நின்று யோசிப்பவருக்கு அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஸ்பீக்கர் ஒயருக்கு விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை: 1.5 சதுர மி.மீ. செம்பு இழை ஒயர், பக்கத்துக்கு ஐந்து மீட்டர் போதும்.

இணைத்த பிறகு சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரு பக்கம் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் அலையும். முனையில் குறி அழிந்திருந்தால், ஆம்பைக் கழற்றிவிட்டு ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் தொட்ட முனை சிவப்பு என்றால் வூஃபர் வெளியே தள்ளும்.

பெட்டி செய்வது

ஆறு மாதம் இதில் பாட்டு கேட்ட பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தாமே ஒன்று செய்துபார்க்கும் ஆசை வரும். வரட்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். வூஃபர், ட்வீட்டர் மாதிரி ஒலி எழுப்பும் பாகத்துக்கு டிரைவர் என்று பெயர். முதல் பெட்டிக்கு ஃபுல்ரேஞ்ச் டிரைவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டிரைவர் எல்லா ஸ்வரத்தையும் வாசிக்கும், கிராஸ்ஓவர் தேவையில்லை, தவறு செய்ய இடம் குறைவு.

டிரைவரின் விவரத் தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள்: எஃப்எஸ் (டிரைவர் தானாக அதிரும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது), விஏஎஸ் (கோனின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு). ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960களிலும் 70களிலும் வகுத்துக்கொடுத்த அளவுகள் இவை. இந்த மூன்று எண்ணும் தராத டிரைவரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள். பெட்டியின் அளவை ஊகத்தில் செய்ய வேண்டியதாகிவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. எஃப்எஸ் 65 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.38, விஏஎஸ் 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க மூடிய பெட்டி என்றால் சுமார் 2.4 லிட்டர் போதும், ஆனால் பேஸ் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிய ஆரம்பிக்கும். 6 லிட்டர் பெட்டியில் குழாய் வைத்து 65 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்தால் ஏறக்குறைய அந்த 65 வரை இறங்கும். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ்; அது முழுதாக வராது. ஆனால் அதன் இரண்டாம் மடங்கு 82-இல் இருக்கிறது, அதைக் கேட்ட மூளை அடி ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். இந்தக் கணக்குகளைக் கையால் போட வேண்டியதில்லை, வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருள் போட்டுத் தரும்.

நான் சொன்ன 6 லிட்டருக்கு வெட்டும் அளவு இது. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது). ஒரு பெட்டிக்கு, முன்னும் பின்னும் 176-க்கு 286 மி.மீ. இரண்டு, பக்கங்கள் 200-க்கு 286 இரண்டு, மேலும் கீழும் 140-க்கு 200 இரண்டு. உள்ளே 140, 250, 200 என்று சரியாக 7 லிட்டர் வரும். டிரைவரும் குழாயும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் ஆறு லிட்டர் சொச்சம். ஜோடிக்கும் சேர்த்து ஒரு முழு எட்டுக்கு நான்கு அடிப் பலகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால் முழுப் பலகை வாங்காதீர்கள். மைசூர் ரோடு டிம்பர் யார்ட் பக்கமோ உங்கள் ஏரியா பிளைவுட் கடையிலோ வெட்டி மிஞ்சிய துண்டு கேளுங்கள், அங்கேயே மெஷினில் வெட்டியும் வாங்கிவிடுங்கள்.

ஆசாரியிடம் கொடுத்தால் ஒரு விஷயம். அவர் இன்ச்சிலும் நூலிலும் பேசுவார். ஒரு நூல் என்பது அரைக்கால் இன்ச், மூன்று மில்லிக்கு மேல். கதவு ஜன்னலுக்கு அது பெரிதில்லை. காற்றுக் கசியக் கூடாத பெட்டிக்கு மூன்று மில்லி பெரிய ஓட்டை. படம் வரைந்து எல்லாவற்றையும் மில்லியில் எழுதி, "அண்ணே, இந்த ஆறு துண்டும் ஜோடி ஜோடியா ஒரே செட்டிங்கில் வெட்டிக் கொடுங்க" என்று கேளுங்கள். அளவு அரை மில்லி மாறினாலும் ஜோடிகள் சமமாக இருந்துவிடும்.

டிரைவர் துளையை ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். எம்.டி.எஃப். தூள் நுண்ணியது, பசையில் ஃபார்மால்டிஹைடும் உண்டு. மொட்டை மாடியில், முகக்கவசத்தோடு வெட்டுங்கள். ஒட்ட சாதாரண ஃபெவிகால் போதும். கிளாம்ப் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி, பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு உள்மூலைகள் எல்லாவற்றிலும் விரலால் இன்னொரு கோடு ஃபெவிகால் இழுத்துவிடுங்கள்.

குழாய்க்கு பிளம்பிங் பி.வி.சி. பைப். 40 மி.மீ. என்று கடைக்காரர் தருவதில் 40 என்பது வெளிவிட்டம்; நமக்கு வேண்டியது உள்விட்டம். ஸ்கேல் கொண்டுபோய் உள்ளே அளந்து, 40-க்கு மிக அருகில் வருவதை எடுங்கள். உள்விட்டம் 40 என்றால் 6 லிட்டருக்கு, 65 ஹெர்ட்ஸுக்கு, முன்பலகையின் தடிமனையும் சேர்த்து 12 செ.மீ. நீளம். விட்டம் மாறினால் நீளமும் மாறும், மென்பொருளில் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றரை செ.மீ. கூடுதலாக வெட்டி, கேட்டுப் பார்த்துக் குறைப்பது நல்லது.

உள்ளே அடைக்கத் தலையணைக்குப் போடும் ரெக்ரான் பஞ்சு. பக்கங்களிலும் பின்பலகையிலும் பரவலாக, குழாயின் வாயை மறைக்காமல்.

என் முதல் ஜோடியில் ஒரு பெட்டி மட்டும் பேஸ் வரும்போது மெல்லியதாக ஊதியது. இரண்டு வாரம் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு நண்பரின் அம்மா பூஜைக்கு ஏற்றிய ஊதுபத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பெட்டியைச் சுற்றிக் காட்டினார். பின்னால் முனைத் தட்டு பொருத்திய இடத்தில் புகை ஒதுங்கி ஆடியது. சிலிக்கான் ஒரு கோடு தடவியதும் நின்றுவிட்டது. அதிலிருந்து எந்தப் பெட்டி செய்தாலும், குழாய் வாயைத் துணியால் அடைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டு, ஊதுபத்தியைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் பெயின்ட் அடிக்கிறேன்.

பெயின்டுக்கு முன் எம்.டி.எஃப். வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு கோட்டு பிரைமர் கொடுங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் ஜன்னலோரம் வைத்த பெட்டி விளிம்பில் ஊறி உப்பிவிடும்.

பூட்டிக் கேட்டதும் "குரல் மெலிந்து இருக்கிறதே" என்று தோன்றினால் பயப்பட வேண்டாம். முன்பலகை 17.6 செ.மீ. அகலம் என்பதால் சுமார் 650 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பின்பக்கமும் சுற்றிப் பரவி, முன்னால் வருவது குறைகிறது. இந்தப் பெட்டியை மட்டும் சுவருக்குக் கொஞ்சம் நெருக்கமாக, ஒரு சாண் அளவில் வையுங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால் போனின் ஈக்வலைசரில் 1,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். பேஸைக் கூட்டுவதைவிட மேலே குறைப்பது சின்ன டிரைவருக்குப் பாதுகாப்பு.

அடுத்த படிகள்

இரண்டு டிரைவர் பெட்டிக்குப் போகும்போது, கடையில் கிடைக்கும் ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டை வாங்கி எந்த டிரைவரோடும் சேர்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த போர்டு, டிரைவர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருக்கும் என்று நம்பிச் செய்தது; எந்த டிரைவரும் அப்படி இருப்பதில்லை. வேறொருவர் அளந்து, கேட்டு, முழு விவரத்தோடு வெளியிட்ட வடிவமைப்பை அப்படியே செய்யுங்கள். பால் கார்மோடி வடிவமைத்த ஓவர்நைட் சென்சேஷன்ஸ் என்ற ஸ்பீக்கர், நாலு இன்ச் வூஃபரில் பலர் செய்துபார்த்த ஒன்று. டிரைவரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் செலவையும் சுங்கத்தையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாங்கிய பழைய ஜோடியிலும் வேலை இருக்கிறது. திறந்து, கழற்றும் முன் போனில் படம் எடுத்து, கிராஸ்ஓவரைப் பாருங்கள். இருபது வருடப் பழைய எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் இருந்தால், அதே மைக்ரோஃபேரட் மதிப்பில் பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் கபாசிட்டர் போடுங்கள். மதிப்பை மாற்றவே கூடாது. சோதிப்பதற்காகக்கூட ட்வீட்டரை கபாசிட்டர் இல்லாமல் ஆம்பில் நேராகக் கொடுக்காதீர்கள், ஒரு பேஸ் அடியில் எரிந்துவிடும்.

சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸுக்கென்றே தனிப் பெட்டி) கடைசி. ஆம்பை மாற்றுவது அதற்கும் கடைசி. அதற்கு முன், வீட்டில் ஒருவரை அழைத்து, சின்னக் கண்ணாடி ஒன்றைப் பக்கச்சுவரோடு ஒட்டினாற்போல் நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ, அங்கேதான் ஒலி பட்டு உங்கள் காதுக்குத் திரும்புகிறது; சுவரின் அந்த இடத்தில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, அந்தத் தம்புராப் பாட்டை மறுபடி போடுங்கள்.